தொண்டையில் ஒன்றுமில்லை

உட்காருங்க தம்பி, அந்த இடத்துக்கு யாரும் இல்லை. துண்டு என்னோடதுதான், எடுத்துடறேன். பிள்ளையை மடியில வச்சுக்கங்க, தரை சுடும். நமக்கு முன்னால இன்னும் ஆள் இருக்கு. அந்த மஞ்சள் சேலைக்காரம்மா, அப்புறம் ரெட்டைப் பிள்ளை வச்சிருக்காங்களே அவங்க, அதுக்கு அப்புறம் நான். எனக்கு அடுத்து நீங்க.

என்ன பார்க்கிறீங்க? என் பிள்ளை எங்கேன்னா? பிள்ளை இல்லை. தனியாத்தான் வந்திருக்கேன்.

ஆராய்ச்சிக்கு வந்திருக்கேன்னு வச்சுக்கங்களேன். நான் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார். வேதியியல். அருப்புக்கோட்டைப் பக்கம். இந்தத் தொக்கம் எடுக்கிற விஷயத்துல எனக்கு ரொம்ப நாளா ஒரு ஈடுபாடு. இந்த ஆள் எப்படி எடுக்கிறார்னு கிட்ட இருந்து பார்க்கணும். பார்த்துட்டுப் போயிடுவேன். அவ்வளவுதான்.

பாப்பாவுக்கு என்ன? சாப்பிட மாட்டேங்குதா? காய்ச்சல் உண்டா? இருமல்? மூச்சு விடும்போது கீச்சுக்கீச்சுன்னு சத்தம் வருதா? இல்லை, எதுக்குக் கேட்கிறேன்னா... கொஞ்சம் முதுகைக் காட்டுங்க, காதை வச்சுப் பார்க்கிறேன். பயப்படாதே தாயி, தாத்தா ஒண்ணும் பண்ண மாட்டேன். மூச்சு இழு. ம். சத்தம் இல்லை. மூக்கு ஒழுகுது, அவ்வளவுதான். எதிர்த்த பஜ்ஜிக் கடையைப் பார்த்துக் கை நீட்டுது பாருங்க, இதுக்கா பசியில்லைங்கிறீங்க? பிஸ்கட்டைக் குறைங்க தம்பி, சோறு தானா இறங்கும்.

சிரிக்கிறீங்க. இவ்வளவு தெரிஞ்ச மனுஷன் இங்க எதுக்கு உட்கார்ந்திருக்கான்னு நினைக்கிறீங்க. நியாயம்தான். இருங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிடறேன். நான் அடிக்கடி குடிப்பேன், தப்பா நினைக்காதீங்க.

தொக்கம்னா என்னன்னு உங்க வீட்டுல சொல்லித்தானே அனுப்பியிருப்பாங்க. பிள்ளை எதையோ விழுங்கிடுச்சு, அது செரிக்காம குடல்ல ஒட்டிக்கிட்டு சோத்தைத் தள்ளுது. வைத்தியர் வயித்துல எண்ணெய் தடவி, குழலை வச்சு உறிஞ்சுவார். உறிஞ்சி வெத்தலையில துப்புவார். பார்த்தா பழைய இட்லித் துண்டு, கொஞ்சம் முடி, பாக்கு. இதுதான் உள்ளே கிடந்ததுன்னு காட்டுவார். தாய்க்காரிக்கு முகம் தெளிஞ்சிடும். ஆனா ஒரு நிமிஷம் யோசிங்க. வயித்துல ஓட்டை இல்லை. தோல் இருக்கு, தோலுக்குக் கீழே கொழுப்பு, தசை, அதுக்கும் கீழே இரைப்பைச் சுவர். இதையெல்லாம் தாண்டி ஒரு இட்லித் துண்டு எப்படி வெளியே வரும்? இட்லி என்ன ஆவியா?

வாய்க்குள்ள இருக்கு. கடைவாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவுல முன்னாலேயே ஒதுக்கி வச்சிருப்பாங்க. அவ்வளவுதான் சூட்சுமம். நானே எடுப்பேன். பீத்திக்கிடறேன்னு நினைக்காதீங்க, உள்ளே இருக்கிறவரைவிடச் சுத்தமா எடுப்பேன். பேசிக்கிட்டே இருப்பேன், ஒதுக்கி வச்சிருக்கிறது குரல்ல தெரியாது. வீட்டுல பழகினேன். எங்க வீட்டுல, முனீஸ்வரின்னு பேரு, அவளைத்தான் படுக்க வச்சுப் பழகினேன். அவ சொல்வா, "ஊர்ல வாத்தியாருங்க எல்லாம் டியூஷன் எடுக்கிறாங்க. எனக்கு வாய்ச்சவர் தொக்கம் எடுக்கிறார்."

விளையாட்டுக்குப் பழகலை தம்பி. காரணம் இருந்தது.

எங்க ஆய்வகத்துல உதவியாளரா பிச்சைக்கனின்னு ஒருத்தர். அவருக்கு லேட்டாப் பிறந்த பையன், நடக்க ஆரம்பிச்ச வயசு. ஒரு நாள் நிலக்கடலை தின்னும்போது சிரிச்சிருக்கான். புரை ஏறி, இருமி, அடங்கிப்போச்சு. அப்புறம் சாப்பிட மாட்டேங்கிறான், நெஞ்சுல கீச்சுக்கீச்சுன்னு சத்தம். பிச்சைக்கனி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. தொக்கம்னு சொல்லித் தூக்கிட்டுப் போயிட்டார். அந்த ஆளும் எடுத்துக் கொடுத்துட்டார், முடி சுத்தின கடலைத் தோல். மறுபடியும் சத்தம் வருதுன்னு போனா, மறுபடியும் எடுத்துக் கொடுக்கிறார். உதடு நீலம் பாய்ஞ்ச அன்னைக்குத்தான் என்கிட்ட ஓடி வந்தார். நான்தான் வண்டி பிடிச்சு மதுரைக்குக் கொண்டு போனேன். என் மடியிலதான் கிடந்தான். மூச்சுக்குழல்ல குழாய் விட்டு எடுத்தாங்க. அரைக் கடலை. ஊறி உப்பிப் போய் இருந்தது. டாக்டர் ஒரு சின்ன குப்பியில போட்டு என் கையில கொடுத்தார். பிழைச்சுட்டான். இருந்தாலும் ஓடினா இளைக்கும், இப்பவும்.

அந்தக் குப்பியைக் கையில வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிப் படியில உட்கார்ந்திருந்தேன். இனி ஒரு பிள்ளைக்கு இப்படி நடக்கக் கூடாதுன்னு நினைச்சேன். அந்த நினைப்புல தப்பு உண்டா? சொல்லுங்க. இல்லையில்லே?

அதனாலதான் ராமுத்தாய் விஷயம்.

ராமுத்தாய் எங்க ஊர் தெற்குத் தெரு. என்னைவிடக் கொஞ்சம் இளைய அம்மா. செவ்வாய், வெள்ளி வந்தா அவங்க வாசல்ல செருப்புக் குவிஞ்சு கிடக்கும். எங்க பள்ளிக்கூடத்துல அறிவியல் நாள் விழா வந்தது. நானே நேர்ல போய் அழைச்சேன். சும்மா போகலை, தட்டுல வெத்தலை பாக்கு பழம் வச்சு, முறையாப் போனேன். "அம்மா, எங்க ஹெட்மாஸ்டர் பேத்தி சாப்பிட மாட்டேங்குது. நீங்க மேடையில வந்து தொக்கம் எடுக்கணும், எல்லாரும் பார்க்கட்டும்"னேன்.

"மேடையிலயா சார்?"னு கேட்டுச்சு.

"ஏன், உங்க திறமை நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?"

"என் மக செண்பகம் உங்ககிட்டத்தான் சார் படிக்கிறா, பதினொண்ணாம் வகுப்பு. அவளுக்கு இதெல்லாம் பிடிக்காது. கூச்சப்படுவா."

"அம்மா மேடையேறினா எந்தப் பிள்ளைக்குத்தான் பெருமையா இருக்காது"ன்னு சொல்லிட்டு வந்தேன்.

வந்துச்சு. பட்டுச் சேலை கட்டி, பூ வச்சு. பித்தளைக் குழலைப் புளி போட்டு விளக்கி, மஞ்சள் துணியில சுத்திக் கொண்டு வந்திருந்தது. ஊராட்சித் தலைவருக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார வச்சேன். மைக்குல 'ராமுத்தாயம்மா அவர்கள்'னுதான் அழைச்சேன். மரியாதையில நான் ஒரு குறையும் வைக்கலை. இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, பின்னால ஆளாளுக்கு ஒண்ணு பேசினாங்க.

ஹெட்மாஸ்டர் பேத்தியை மேசையில படுக்க வச்சோம். அந்தம்மா எண்ணெய் தடவுச்சு, ஏதோ முணுமுணுத்துச்சு, குழலை எடுத்துச்சு. நான் மைக்கோட பக்கத்துல போய், "அம்மா, ஒரு நிமிஷம். உறிஞ்சறதுக்கு முன்னால வாயைத் திறங்க"ன்னேன்.

என்னைப் பார்த்துச்சு. வாத்தியார் சொன்னா செய்யணும்னு நினைச்சுச்சோ என்னவோ, திறந்துருச்சு. டார்ச் அடிச்சேன். இடது கன்னத்துல இருந்தது. ஆய்வகத்து இடுக்கியால எடுத்து, பீங்கான் கிண்ணத்துல வச்சு, உயரத் தூக்கிக் காட்டினேன். முறுக்குத் துண்டு, முடி சுத்தினது. பிள்ளைங்க விசில் அடிச்சு மைதானமே கிடுகிடுத்துப்போச்சு. அப்புறம் நான் பேசினேன். நல்லாப் பேசினேன் தம்பி. தோல், தசை, இரைப்பை, பிச்சைக்கனி மகன், அந்தக் கடலை, எல்லாத்தையும் சொன்னேன். கூட்டத்துல ரெண்டு தாய்மார் அழுதாங்க.

பேத்தியா? அது நடுவுலேயே தூங்கிப்போச்சு.

அதை ஒருத்தன் போன்ல எடுத்து அனுப்பி, அது எங்கெல்லாமோ போச்சு. வீட்டுல முனீஸ்வரி அதைப் பார்த்துட்டு, "ஏங்க, இங்க பாருங்க"ன்னா. பார்த்தா, நான் பேசி முடிக்கிற வரைக்கும் அந்தம்மா பக்கத்துல வாயைத் திறந்தபடியே நிக்குது. நான் கவனிக்கவே இல்லை. "மூடிக்கங்கன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"ன்னா. நான் என்ன சொல்றது? யாரும் பிடிச்சா வச்சிருந்தாங்க? மூடிக்கிட வேண்டியதுதானே.

செண்பகம் அன்னைக்கு விழா முடிவுல நடனம் ஆட வேண்டியவ. வேஷம் கட்டி நின்னவ, ஆடலை. கொஞ்ச நாள்ல டி.சி. வாங்கிட்டா. வகுப்புல நல்லாப் படிக்கிற பிள்ளை, அமிலம் காரம்னா தண்ணிபட்ட பாடு. நானே கூப்பிட்டுச் சொன்னேன், "உங்க அம்மா பண்ணினதுக்கு நீ ஏன் தலை குனியணும்? நீ இரு, நான் பார்த்துக்கிடறேன்"னு. என் சட்டைப் பித்தானையே பார்த்துக்கிட்டு நின்னுட்டுப் போயிட்டா. வயசுப் பிள்ளைங்களுக்கு ரோஷம் ஜாஸ்தி. பின்னாலேயே குடும்பமும் தெருவைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு.

என்ன கேட்கிறீங்க? பிச்சைக்கனி மகனுக்கு எடுத்தது ராமுத்தாயான்னா?

இல்லை. அது வேற ஆள். நான் அந்தம்மாதான்னு எங்கேயும் சொல்லலையே. ராமுத்தாய் காய்ச்சல், இருமல் உள்ள பிள்ளையைத் தொடாதாம், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிடுமாம். அது பின்னால தெரிய வந்தது. ஆனா தம்பி, அதுவும் ஒரு சாமர்த்தியம்தான். தானாக் குணமாகிற பிள்ளையை மட்டும் எடுத்துக்கிட்டா பேர் கெடாது பாருங்க. ஆள் யாரா இருந்தா என்ன? தொழில் ஒண்ணு, பொய் ஒண்ணு. அந்தம்மா பக்கத்துல இருந்துச்சு, கூப்பிட்டா வரும். அந்த இன்னொரு ஆளைக் கூப்பிட்டா வருவாரா?

மஞ்சள் சேலைக்காரம்மா உள்ளே போயிடுச்சு. சீக்கிரம் சீக்கிரமா அனுப்புறார். கொஞ்சம் எழுந்து நிக்கிறேன், கால் ஒரு இடத்துல இருக்க மாட்டேங்குது. நீங்க உட்காருங்க.

எனக்கு என்னன்னா... முன்னாலேயே சொல்லிடறேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. விழாவுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு எங்க தமிழாசிரியர் வீட்டுப் புதுமனை புகுவிழா. பந்தியில உட்கார்ந்து சாம்பார் சோத்தைப் பிசைஞ்சு ஒரு கவளம் வாயில போட்டேன். இறங்கலை. இங்க, இந்த இடத்துல நின்னுக்கிச்சு. தண்ணி குடிச்சேன், இறங்குச்சு. அடுத்த கவளம், மறுபடியும். இலையை மூடிட்டு எழுந்துட்டேன். எல்லாரும் சாப்பாடு சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டாங்க.

அன்னையில இருந்து அது அங்கேயே இருக்கு. நெல்லிக்காய் அளவு. சாப்பிடாதப்பவும் இருக்கு. இப்பக்கூட, உங்ககிட்டப் பேசும்போதுகூட. கஞ்சி இறங்கும், குழைச்ச இட்லி தண்ணியோட இறங்கும். சோறு இறங்காது. இந்தச் சட்டை எனக்கு இறுக்கமா இருந்த சட்டைதான், நம்புவீங்களா? வகுப்புல நின்னா பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டே பாடம் நடத்த வேண்டியிருக்கு.

போகாத இடம் இல்லை. மதுரையில எழில்ராஜ்னு ஒரு டாக்டர், என் மாணவன்தான். தொண்டையில கேமரா விட்டான், வெள்ளை மருந்தைக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தான், ஸ்கேன், ரத்தம், எல்லாம். கடைசியில திரையில காட்டினான். "சார், உங்க உணவுக்குழாயைப் படம் பிடிச்சுப் பாடப் புத்தகத்துலேயே போடலாம். அவ்வளவு சுத்தம். தொண்டையில ஒண்ணுமில்லை."

"இருக்கே"ன்னேன்.

"இருக்கிற மாதிரி இருக்கும் சார். பல பேருக்கு வர்றதுதான். மனசுல ஏதாவது உறுத்தல் இருந்தா..."

"என் மனசுல என்ன இருக்கப் போகுது?"

"வீட்டுல, வேலையில, யார்கூடவாவது மனஸ்தாபம்?"

யோசிச்சுப் பார்த்தேன் தம்பி. மகன் பெங்களூர்ல நல்லா இருக்கான். கடன் கிடையாது. யார் சோத்துலயும் மண்ணள்ளிப் போட்டது இல்லை. ஒண்ணுமில்லைன்னு சொன்னேன். மனநல டாக்டர் ஒருத்தரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதினான். "மருந்தைவிட, நீங்க அவர்கிட்ட மனசு விட்டுப் பேசினா நல்லது சார்"னான். அந்த டாக்டர்கிட்டப் போனேன். நல்லாப் பேசினோம். மூட நம்பிக்கையைப் பத்தித்தான் ரொம்ப நேரம் பேசினோம். மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது. நெல்லிக்காய் போகலை.

ஊர்ல என்ன பேச்சுத் தெரியுமா? ராமுத்தாய் விட்ட சாபமாம். வாயைத் திறக்க வச்சவனுக்குத் தொண்டை அடைச்சுப்போச்சாம். டீக்கடையில என் காதுபடவே சொல்றான் ஒருத்தன். இவங்களுக்காகத்தானே நான் மேடையேறினேன்?

முனீஸ்வரி வேற. ஒரு நாள் குழைச்ச இட்லியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன், எதிர்ல வந்து உட்கார்ந்தா.

"ஊர்ப் பிள்ளைங்க வயித்துல ஒண்ணுமில்லைன்னு மைக்குல சொன்னீங்க. இப்ப உங்க தொண்டையில ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்றார். கேட்டுக்கிட வேண்டியதுதானே?"

"அது வேற, இது வேற"ன்னேன்.

"என்ன வேற?"

"எனக்கு நிஜமாவே இருக்கு."

சிரிச்சுட்டா. சிரிச்சு, அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "நீங்க கரைஞ்சுக்கிட்டே போறீங்க. என்னால பார்க்க முடியலை. ஒரு தடவை அந்தம்மாவைப் போய்ப் பாருங்க"ன்னா.

"தொக்கம் எடுக்கவா? என்னை என்னன்னு நினைச்சே?"

"எடுக்கிறதுக்குன்னு நான் சொன்னேனா? போய்ப் பாருங்கன்னுதான் சொன்னேன்."

பொம்பளைங்க பேச்சு, ஒரு வாக்கியத்தை முழுசாச் சொல்ல மாட்டாங்க. பார்க்கிறதுன்னா எதுக்குப் பார்க்கிறது? ஆனா ராத்திரியெல்லாம் யோசிச்சதுல எனக்கு ஒண்ணு தோணுச்சு. அந்த முறையில உண்மை இல்லை, சரி. இருந்தாலும் எடுத்துக்கிட்டவங்களுக்குக் குணமாகுது, அதுவும் சரி. மனசு நம்பினா உடம்பு கேட்குது. என் உடம்புல ஒண்ணுமில்லை, மனசுலதான் இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டான். அப்ப மருந்தை மனசுக்குத்தானே கொடுக்கணும்? இது அறிவியல்தான் தம்பி. சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து வலியைக் குறைச்சதா எவ்வளவோ சோதனை இருக்கு. அந்த அடிப்படையிலதான் போனேன்.

அருப்புக்கோட்டையில பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு சந்து. வாசல்ல உட்கார்ந்து பூக் கட்டிக்கிட்டு இருந்துச்சு. என்னைப் பார்த்ததும் எழுந்துருச்சு. கோபமா ஒண்ணும் பேசலை. உள்ளேயிருந்து ஸ்டூல் எடுத்துப் போட்டுச்சு. மக எங்கேன்னு கேட்டேன். மில்லுக்குப் போயிருக்குன்னுச்சு. நல்லதும்மா, இப்பெல்லாம் மில்லுல வேன் விட்டுக் கூட்டிப் போறாங்களாமேன்னு சொன்னேன்.

அப்புறம் விஷயத்தைச் சொன்னேன். கவளம் நிக்கிறது, கேமரா விட்டது, ஒண்ணுமில்லைன்னது. பூக் கட்டிக்கிட்டே கேட்டுச்சு.

"எனக்கு எடுத்து விடுங்க"ன்னேன்.

கை நின்னுருச்சு. "எதை சார்?"

"தொக்கத்தை."

"நான் அதை விட்டுட்டேன் சார். குழலைக்கூடப் பழைய பித்தளைக்குப் போட்டுட்டேன்."

"குழல் இல்லாட்டி என்ன, வாயால உறிஞ்சறவங்க இருக்காங்களே."

"உங்களுக்கு எடுக்கணும்னா நான் மறுபடியும் உங்க முன்னால வாயைத் திறக்கணுமே சார்"னுச்சு.

எனக்கு அது புரிஞ்சது. பயப்படுது, மறுபடியும் மாட்டி விட்டுடுவேனோன்னு. அதனால பொறுமையா விளக்கினேன். நான் இப்ப சோதிக்க வரலைம்மா, அன்னைக்குச் செஞ்சது பொது நன்மைக்கு, உங்க மேல தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. உணவுக்குழாய் எப்படி இருக்கும், தசை எப்படிச் சுருங்கி விரியும், கவலையில அது எப்படி இறுகிக்கிடும், எல்லாம் சொன்னேன். படம்கூடப் போட்டுக் காட்டினேன், தரையில, பூக் கட்டுற இடத்துல தண்ணியைத் தொட்டு. நல்லாக் கேட்டுச்சு. படிக்க வச்சிருந்தா நல்லா வந்திருக்க வேண்டிய பொம்பளை.

எல்லாம் கேட்டுட்டு, "சரி சார். அப்புறம்?"னுச்சு.

"அப்புறம் ஒண்ணுமில்லையேம்மா. அவ்வளவுதான்"னேன்.

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான்."

எழுந்து நின்னுக்கிட்டு என் முகத்தையே பார்த்துச்சு. எதுக்கோ காத்திருக்கிற மாதிரி. நானும் நின்னேன். ரொம்ப நேரம் அப்படியே நின்னோம், சந்துல போறவங்க திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. என்ன எதிர்பார்த்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. அந்தச் சமயத்துல பாருங்க, நெல்லிக்காய் எலுமிச்சை ஆன மாதிரி அடைச்சுது. தண்ணி கேட்டேன், சொம்புல கொண்டாந்து கொடுத்துச்சு. குடிச்சேன். அப்புறம் நான் வர்றேம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முனீஸ்வரி, "கேட்டீங்களா?"ன்னா.

"கேட்டேன். எடுக்க மாட்டேன்னுட்டுது."

"அதையா கேட்டீங்க?"ன்னா. அதுக்கு மேல என்கிட்டப் பேசலை. ரெண்டு நாளாப் பேசலை. காலையில கிளம்பும்போதும் எங்கேன்னு கேட்கலை. கஞ்சியை மட்டும் பாட்டில்ல ஊத்திப் பையில வச்சுட்டா.

சொல்லுங்க தம்பி, நான் வேற என்ன கேட்டிருக்கணும்? உங்களுக்கு ஏதாவது தோணுதா? நீங்க வெளி ஆள், உங்களுக்குத் தெரியலாம். ... சரி, விடுங்க. நீங்களும் முனீஸ்வரி மாதிரிதான் பார்க்கிறீங்க.

அப்புறம் விசாரிச்சேன். எங்க மாவட்டத்துல தொக்கம் எடுக்கிற அத்தனை பேருக்கும் என் முகம் தெரியும், அந்த வீடியோவால. ஒருத்தர் என்னை வாசல்லயே கும்பிட்டு அனுப்பிட்டார். இப்ப உள்ளே இருக்காரே மாயழகு, இவர் மட்டும்தான் என்னைத் தெரியாத ஆள். ரெண்டு பஸ் மாறி வரணும். போன் வச்சுக்கிடறதில்லையாம், எதையும் பார்க்கிறதில்லையாம். ராசிக்காரர்ங்கிறாங்க. பெரிய ஆளுக்கும் தொண்டையில எடுக்கிறாராம்.

அது... அதையும் சொல்லிடறேன். உங்க மடியில பிள்ளை இருக்கு, சொல்லாம இருக்கப்படாது. பிச்சைக்கனி மகனைத் தூக்கிட்டு வந்தது இங்கதான். அந்தக் கடலைத் தோலை எடுத்துக் கொடுத்தது இவர்தான்.

இருங்க, இருங்க. பதறாதீங்க. உங்க பிள்ளைக்குத்தான் நெஞ்சுல சத்தம் இல்லையே, நான்தான் கேட்டேனே. இவர் ஒண்ணும் பண்ணப் போறதில்லை, ஒண்ணும் பண்ணாததுதான் இவர்கிட்ட ஆபத்தே. நீங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அதுதான் நல்லது, நானே சொல்றேன். போகிற வழியில அந்த பஜ்ஜியை வாங்கிக் கொடுங்க. சளி நெஞ்சுல இறங்குச்சுன்னா நேரா ஆஸ்பத்திரி. வேற எங்கேயும் தூக்காதீங்க.

நான் எப்படி வந்தேன்னா? அந்தக் கேள்வியைப் பஸ்ல வரும்போது நானே கேட்டுக்கிட்டேன். முதல் பஸ்ல, அவன் தந்திரத்தைக் கிட்ட இருந்து பார்த்துட்டு வந்து எழுதணும்னு நினைச்சுக்கிட்டு வந்தேன். ரெண்டாவது பஸ்ல எதிர் சீட்டுல ஒருத்தர் எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கிட்டு வந்தார். பெரிய பெரிய கவளமா. கதையடிச்சுக்கிட்டே விழுங்குறார், எதை விழுங்குறோம்னு ஒரு நினைப்பே இல்லாம. அவரையே பார்த்துக்கிட்டு வந்தேன். அப்புறம் எழுதுறதைப் பத்தின நினைப்பெல்லாம் போயிடுச்சு தம்பி. எனக்கு ஒரு கவளம் சோறு இறங்கணும். எவன் எடுத்தாலும் சரி. எதை எடுத்தாலும் சரி.

ரெட்டைப் பிள்ளைக்காரங்க வெளியே வர்றாங்க. சிரிச்சுக்கிட்டே வர்றாங்க பாருங்க. அடுத்து நான்தான்.

தம்பி, போறதுக்கு முன்னால ஒரு உதவி. கொஞ்ச நேரம்தான். இந்தக் கண்ணாடியை வச்சிருங்க. வெள்ளெழுத்து, இது இல்லைன்னா கிட்ட இருக்கிறது எதுவும் எனக்குத் தெரியாது. அவர் முகம் ஒரு மங்கலா இருக்கும், கன்னம் உப்பியிருக்கா இல்லையான்னு தெரியாது. வெத்தலையில அவர் எதைத் துப்பினாலும், இதுதான் உள்ளே கிடந்ததுன்னு அவர் சொன்னா, ஆமான்னு சொல்லிடுவேன்.

இல்லை, என் சட்டைப் பையில வேண்டாம். பையில இருந்தா எடுத்துப் போட்டுக்கிடுவேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும். நீங்களே வச்சிருங்க. உள்ளேயிருந்து நான் கூப்பிட்டுக் கேட்டாலும் கொடுக்காதீங்க.